பிரித்துப் போட்ட மிக்ஸி

இயந்திரவியல் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்த மகனிடம், அரசுத் தேர்வு எழுது, வங்கித் தேர்வு எழுது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அவனுடைய நாட்டம் எதில் என்று நான் கவனித்ததில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பழுதான மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்தபோது அவன் முகம் மலர்ந்ததைக் கண்ட அன்றுதான், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும், பொறியியல் பட்டதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்த 1973ஆம் ஆண்டுத் திருத்தமும் நினைவுக்கு வந்தன. அந்தச் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் வேலை பழகும் ஓராண்டுப் பயிற்சி, மாதந்தோறும் உதவித்தொகை. (சம்பளத்தைவிடக் குறைவான அந்தத் தொகையை உறவினர்களிடம் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது; அவனுக்கு இல்லை.) அந்தப் பயிற்சிக்கான இணையப் பதிவை நான் செய்தால் அது என் முடிவாகிவிடும் என்பதால், அவனிடமே விட்டுவிட்டேன், மூன்று வாரம் தள்ளிப்போட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஆலையொன்றில் பழகுநராக இருக்கிறான். வேலை நிரந்தரமாகுமா என்று இதுவரை நான் கேட்கவில்லை.