களா வேலி: முள்ளும் வேண்டும், காயும் வேண்டும் என்றால்

களா என்னும் முட்புதரில் சிறுகளா, பெருங்களா என்று இரண்டு உண்டு. கரட்டோரங்களில் யாரும் வைக்காமலே புதராக மண்டிக் கிடப்பது சிறுகளா. பழம் பட்டாணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஊறுகாய்க்கு ஏற்ற பருத்த காய் பெருங்களாவில்தான். வேலிக்கு இரண்டும் ஆகும் என்றாலும் பெருங்களாவே மேல். சிறுகளா வேரிலிருந்து கிளைத்துக்கொண்டு பாத்திக்குள் நகர்ந்து வரும். அதைத் தோண்டி எடுப்பது தனி வேலை.

களா விதைக்கு ஆயுள் குறைவு. ஆவணியில் நன்கு கறுத்த பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி உடனே போட்டுவிட வேண்டும். பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடந்த விதையைப் போட்டுவிட்டு மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. குச்சி நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். நல்ல காய்க்கும் செடி கிடைத்தால் மழைக்காலத்தில் பதியம் போடலாம். நாற்று முதல் வருடம் மெதுவாகத்தான் வளரும். அதனால் அடுத்த புரட்டாசி வரை நாற்றுப் பையிலேயே வைத்து, மழை தொடங்கியதும் நடுவது நல்லது.

ஓரடிக் குழி, 2 அடி இடைவெளி. ஆடு நுழையாத வேலி வேண்டுமானால் இரண்டு வரிசை, ஒன்றின் சந்துக்கு நேரே அடுத்தது. குழிக்கு ஒரு கூடை மக்கிய எரு போதும். வறண்ட சரளை மண்ணிலும் களா தாக்குப்பிடிக்கும். தேங்கிய நீரில் வேர் அழுகி இலை மஞ்சளாகும். களிமண்ணானால் மேடு கட்டி நடுங்கள். எல்லைக் கல்லிலிருந்து 3 அடி உள்ளே தள்ளியும் நடுங்கள். செடி விரிந்து முள் அடுத்த வரப்புக்குப் போனால் வம்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பலர் கோட்டைவிடுவது வெட்டில்தான். செடி முழங்கால் உயரம் வந்ததும் மனசு கேட்காவிட்டாலும் ஓரடிக்கு வெட்ட வேண்டும். அடுத்த வருடம் 2 அடியில். அப்போதுதான் அடியிலிருந்தே கிளை கிளைக்கும். விட்டால் மேலே குடை விரித்து, கீழே காலியாகி, ஆட்டுக்குட்டி தாராளமாக நுழையும். அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் கத்தரித்தால் கீழ்க்கிளைக்கும் வெயில் படும்.

களா பூப்பது கிளை நுனியில். பொங்கலுக்கு அழகாக இருக்கட்டும் என்று மார்கழியில் நறுக்கினால் அந்த வருடக் காயையும் சேர்த்து நறுக்கியதாகிவிடும். பழம் ஓய்ந்தபின், புரட்டாசி வாக்கில் வெட்டினால் புதுக்கிளை வளர்ந்து நுனியில் பூக்க நேரம் இருக்கும். வேலி நெருக்கமாக அடைய மூன்று வருடமாவது ஆகும். அதுவரை நாற்றுகளை ஆடு கடிக்காமல் முள்வெட்டிப் போட்டுக் காக்க வேண்டும்.

ஊறுகாய்க்குக் காய் பருத்து, பச்சையாக, விதை முற்றாமல் இருக்கும்போது பறிக்கவும். இது அரளிக் குடும்பம். காயை நறுக்கினால் பால் வந்து கையிலும் கத்தியிலும் பிசினாக ஒட்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நறுக்கியதை உப்புத் தண்ணீரில் போடுங்கள். புளிப்பு கடுமை என்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஜெல்லி காய்ச்சுவதென்றால் கறுத்த பழம் மட்டும் போட்டால் சரியாக உறையாது, பாதி செங்காயாகச் சேர்க்க வேண்டும்.