வெள்ளி மாலை புளூகிராஸ்: ஒரு கோடையின் நாட்குறிப்பு

மே 28, 2024, செவ்வாய்

தென்மேற்கு வர்ஜீனியா. ஊர்ப் பூங்காவின் மரக்கூரை மேடை இந்தக் கோடைக்கும் கிடைத்துவிட்டது. ஜூன் 7 முதல் ஆகஸ்ட் 30 வரை வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு, அமெரிக்க மலைநாட்டுத் தந்தி இசையான புளூகிராஸ் கச்சேரி. அனுமதி இலவசம், நாற்காலி அவரவர் கொண்டுவர வேண்டும்.

இன்று மின்சாரம் பார்த்தோம். மேடைக்கு வரும் இரண்டு இணைப்பும் 120 வோல்ட், 20 ஆம்பியர். ஒன்றில் 2400 வாட் என்பது கணக்கு. ஆனால் தொடர்ந்து ஓடும் சுமையை எண்பது சதவீதத்துக்குள், அதாவது 1920 வாட்டுக்குள் வைப்பதுதான் முறை. ஒலிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று எனப் பிரித்தாயிற்று. விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரும் ஒரே இணைப்பில் இருந்தால் ஸ்பீக்கரில் வண்டு இரைவதுபோல் ஓர் ஓசை விடாமல் கேட்கும். காபி போடும் பெரிய மின்பாத்திரம் ஒன்றே 1500 வாட் இழுக்கும். அதை மேடைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. நீட்டிப்பு ஒயர் 12 கேஜ். இரண்டு ஒயர் சேரும் இடம் ஈரப்புல்லில் கிடந்தால் கசிவைக் கண்டு பாதுகாப்பு பிளக் தானாகத் துண்டித்துவிடும். அதனால் இணைப்புகளின் கீழ் மரக்கட்டை வைத்திருக்கிறோம்.

ஜூன் 7, வெள்ளி

முதல் கச்சேரி. ஐந்து பேர்: பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ். தமிழ்நாட்டில் பேஞ்சோ என்றால் பலருக்கு விசைகளைத் தட்டி வாசிக்கும் புல்புல்தாராதான் நினைவுக்கு வரும். இது வேறு: தோல் போர்த்திய வட்டச் சட்டம், நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். மாண்டலினும் ஸ்ரீனிவாஸ் வாசித்த மின்கருவி அல்ல. இதில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. பிடிலின் அதே ஜி, டி, ஏ, ஈ சுருதிதான் இதற்கும்.

வாத்தியத்துக்கு ஒன்று, பாடுபவருக்கு ஒன்று என எட்டு மைக்கும், கலைஞர்கள் தங்களைக் கேட்கக் கீழே நான்கு மானிட்டர் ஸ்பீக்கரும் வைத்தோம். சரிவரவில்லை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மறுபடி புகுந்து ஊளையிடாமல் ஏற்றக்கூடிய ஒலி மூன்று டெசிபல் குறையும். எட்டு மைக் என்றால் ஒன்பது டெசிபல் போயிற்று. பாஞ்சோவின் ஓசை பாட்டு மைக் மூன்றிலும் புகுந்து, ஒவ்வொன்றையும் இம்மியளவு முன்பின்னாக எட்டியது. அவை கலந்தபோது அதன் கணீர் போய்த் தகரத் தட்டு ஓசைதான் மிஞ்சியது. பாடுபவர் மானிட்டரில் குரலை ஏற்றச் சொன்னார். பிடில்காரர் அதைத் தாண்டி அழுத்தி வாசித்தார். பிறகு பாஞ்சோ ஏறியது. இப்படி ஏறிக்கொண்டே போகும் சண்டைக்கு மிக்ஸரில் மருந்து இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

வெறும் மேடையில் இரண்டு மணி நேரம், ஒரே மைக்கை வைத்துச் சோதனை. இதில் புதுமை எதுவும் இல்லை. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தம் மூன்று விரல் பாஞ்சோ வாசிப்போடு பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து வானொலி மேடைகளில் மொத்தக் குழுவும் ஒரு மைக்கைச் சூழ்ந்துதான் நின்றது. மன்ரோ தம் சொந்த மாநிலமான கென்டக்கியின் செல்லப்பெயரான புளூகிராஸைக் குழுவுக்கு வைத்தார். அந்தக் குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயராயிற்று. யார் எப்போது முன்னே வருவது, யார் விலகுவது என்பதெல்லாம் அந்த நெருக்கத்தில் உருவான ஒழுங்கு.

கண்ட அளவுகள்:

மைக், பெரிய சவ்வுள்ள கண்டென்சர் வகை. முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட். மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் அந்தச் சேனலை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கரில் பட்டாசு வெடிக்கும். உயரம், பாடுபவரின் மோவாய் மட்டம். முதன்மைப் பாடகர் ஒன்று முதல் ஒன்றரை அடியில், கிதார் அவருடைய உடலோடு. பின்னணியில் இருக்கும்போது பாஞ்சோ மூன்றடிக்குக் குறையாமல். தூரம் பாதியானால் ஒலி ஆறு டெசிபல் கூடும். ஆகவே இங்கே ஒலிக்குமிழ் என்பது வாசிப்பவரின் கால்தான்.

ஸ்பீக்கர்கள் மைக்கை விட எட்டடி முன்னால், மைக்கின் முதுகு அவற்றைப் பார்த்தபடி. மானிட்டர் ஒன்றுகூட இல்லை. பிறகு சேனலை மெல்ல ஏற்றி, எந்த அதிர்வெண்ணில் முதலில் ஊளை கிளம்புகிறதோ அதை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 31 பட்டை ஈக்வலைசரில் மூன்று டெசிபல் குறைத்தோம். மறுபடி ஏற்றி அடுத்ததைத் தேடினோம். நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வெட்டினால் குரலில் சதையே இருக்காது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, மைக்குக்குத் தடித்த நுரை உறை. பூங்காக் காற்று கண்டென்சரில் இடிபோல் கேட்கும்.

ஜூன் 14, வெள்ளி

ஒரே மைக்கில் முழுக் கச்சேரி. பாஞ்சோ முதன்முதலாக மரமும் தோலுமாகக் கேட்டது.

சிக்கல் வந்தது நடமாட்டத்தில். தனி வாசிப்புக்கு வருபவர் பாட்டு வரியின் கடைசித் தாளத்திலேயே அடியெடுத்து வைக்க வேண்டும். வரி முடியட்டும் என்று காத்திருந்தால் தனியின் முதல் நான்கு சுரங்கள் கூட்டத்துக்குக் கேட்காது. இன்று பிடில் அப்படி மூன்று முறை பிந்தியது. வலப்புறம் வந்து இடப்புறம் விலகுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பாஞ்சோவின் கழுத்தும் கிதாரின் கழுத்தும் ஒரே திசையில் நீள்வதால், எதிரெதிராக வந்தால் தந்தி முறுக்கும் பிரடை பிரடையில் இடிக்கும்.

பாஸை மட்டும் ஒரே மைக்கில் பிடிக்க முடியாது. அது பின்னால் நிற்கிறது, கீழ்ச்சுரங்களை மைக்கிலும் வெட்டியிருக்கிறோம். அதற்குத் தனி வழி: சாதாரண டைனமிக் மைக் ஒன்றை நுரையில் சுற்றி, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையின் காலடியில் செருகினோம். அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்அப் குதிரையில் ஒட்டியிருந்தால், பத்து லட்சம் ஓமுக்குக் குறையாத உள்ளீடு உள்ள பெட்டி வழியாக எடுக்க வேண்டும். நேரே மிக்ஸரில் செருகினால் அடி இல்லாத டொக் டொக்தான் வரும். இந்த இசையில் தோல் தாளக்கருவி கிடையாது. ஒன்றாம், மூன்றாம் அடியில் பாஸ். இரண்டு, நான்கில் மாண்டலினின் வெட்டு. விரலைத் தந்தியில் அழுத்தி, அடித்த கணமே தளர்த்தினால் சுரம் அறுபட்டு 'சக்' என்று விழும். பாஸ் கேட்காத கச்சேரியில் ஆடுபவர் கால் தடுமாறும்.

ஜூன் 22, சனி

நேற்று கடும் வெயில். ஆறரை மணிக்கும் மேடையின் மேற்கு ஓரத்தில் வெயில் விழுந்தது. இரும்புத் தந்தி சூடானால் நீளும், சுருதி இறங்கும். நிழலுக்கு வந்தால் ஏறும். மேடைக்குப் பின்னே நிழலில் அரை மணி நேரம் வைத்து, பிறகு சுருதி சேர்த்துக்கொண்டு ஏறச் சொல்வதே இனி வழக்கம். அதைவிட முக்கியம், வாத்தியத்தைப் பூட்டிய காரில் விடக் கூடாது. வெயிலில் நின்ற காரின் சூட்டில் எலும்புப் பசை இளகும், பாஸின் பலகைகள் ஒட்டிய இடம் விட்டுப்போகும்.

விருந்தினராக வந்த குழுவின் பாஞ்சோவில், கழுத்தில் விரல் அழுத்தும் உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவதில், அதாவது பன்னிரண்டாம் மெட்டில், சுரம் ஏறியே ஒலித்தது. பிரடையில் எத்தனை திருகினாலும் தீராது, ஏனெனில் பாஞ்சோவின் குதிரை ஒட்டப்பட்டதல்ல. தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே தோலின் மேல் நிற்கிறது. பயணத்தில் நகர்ந்திருந்தது. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே மெட்டை அழுத்திய சுரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது ஏறி இருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து விலக்கு, இறங்கி இருந்தால் கழுத்தை நோக்கித் தள்ளு. ஒரு மயிரிழை போதும். சரியான இடம் கிடைத்ததும் குதிரையின் கால்களைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு. தோல் இப்போது மைலார் தாள், குறுக்கே 11 அங்குலம். குதிரை அருகே விரல்நுனியால் தட்டினால் ஜி அல்லது ஜி ஷார்ப் கேட்கும்படி இறுக்குவது வழக்கம். இறுக்கும்போது ஒரு கொக்கி, அதற்கு நேரெதிர் கொக்கி, கால் சுற்று கால் சுற்றாக. ஒரே பக்கமாக முறுக்கினால் வளையம் சாயும், சில நேரம் தாள் கிழியும்.

ஐந்தாம் தந்தி ஐந்தாம் மெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போ அதை எட்டாது. ஆகவே கழுத்தில் ஏழு, ஒன்பதாம் மெட்டருகே பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணிகளை அறைந்து, தந்தியை அதன் கீழ் கொக்குவார்கள். ஏ சுருதிக்கு ஏழு, பி சுருதிக்கு ஒன்பது. தம்பூராபோல் பாட்டு முழுக்க ஒலிக்கும் தந்தி இது. இது பிசகினால் எல்லாமே பிசகியதாகத் தெரியும்.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று ஹில்டன்ஸ் என்ற ஊருக்குப் போய் வந்தோம், கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற கச்சேரி அரங்குக்கு. 1927-இல் அருகிலுள்ள பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் ஒலிப்பதிவு செய்தவர்களில் கார்ட்டர் குடும்பம் ஒன்று, ஏ. பி. கார்ட்டரின் மகள் ஜேனட் 1974-இல் தொடங்கியது இந்தச் சனிக்கிழமைக் கச்சேரி. மின்கருவி கிடையாது, மது கிடையாது. மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஆட்டத்தளம். அதைத்தான் பார்க்கப் போனோம்.

நமக்கும் அடுத்த வாரம் தளம் போட வேண்டும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, நான்குக்கு எட்டு அடியில் ஆறு. கீழே 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம். சட்டமில்லாமல் புல்லில் நேரே வைத்தால் பலகை தொய்ந்து மூட்டுகள் தூக்கும், லாடம் வைத்த காலணி அதில் மாட்டும். தளம் மைக்கிலிருந்து இருபதடி தள்ளி. பக்கத்தில் போட்டால் காலடி ஓசை பாட்டை மூடிவிடும்.

ஜூலை 5, வெள்ளி

இடி. 7:40-க்கு நிறுத்தினோம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகாமல் யாரும் வெளியே வரக் கூடாது. பக்கங்கள் திறந்த மேடைக் கூரை மின்னலுக்குக் காப்பு அல்ல. கூட்டத்தைக் கார்களுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அனுப்பினோம். முதலில் வாத்தியங்கள் பெட்டிக்குள், பிறகு மின்சாரம், கடைசியில் ஒயர். மீண்டும் தொடங்க முடியவில்லை.

ஜூலை 13, சனி

நேற்று வந்தது ஓல்ட்-டைம் குழு. புளூகிராஸுக்கு முந்தைய மலைநாட்டு ஆட்ட இசை. அதில் முறைவைத்துத் தனி வாசிப்பதில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டின் இசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், பிடில் முன்னே. பாஞ்சோவில் விரலுறை இல்லை. நகத்தால் கீழ்நோக்கி அடிப்பது, கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை மீட்டுவது. பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுவை வாத்தியங்களின் வழிவந்தது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி இங்கே வேர்விட்டது. மன்ரோவுக்கு இளவயதில் வழிகாட்டிய ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரையும் மேடை அறிமுகத்தில் ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாத அறிமுகம் பாதி வரலாறுதான்.

பிடில்காரர் ஏ, ஈ, ஏ, ஈ என்று சுருதி மாற்றினார். கீழ் இரண்டு தந்தியும் ஒரு முழுச்சுரம் ஏறுகின்றன. ஏறிய தந்தி ஐந்து நிமிடத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி வரிசையில் ஏ சுருதிப் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் இந்த அவஸ்தை ஒரே முறைதான்.

கச்சேரிக்குப் பின் வட்டம். யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு உட்காரலாம். பாட்டை எடுப்பவர் சுருதியைச் சொல்வார். சுரக்கூட்டுகளை எண்ணால் குறிப்பார்: ஒன்று, நான்கு, ஐந்து. எந்தச் சுருதியிலும் எண் மாறாது என்பதால் புதியவரும் தொடர முடியும். தனி வாசிப்பு இடப்பக்கம் கைமாறும். வேண்டாமென்றால் தலையசைத்தால் போதும். ஒருவர் பாடும்போது மற்றவர் ஓசை அவர் குரலுக்குக் கீழே. முடிக்க, எடுத்தவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். வட்டத்துக்கு ஒரு பாஸ், முடிந்தால் ஒரு பாஞ்சோ. நேற்று மூன்று பாஞ்சோ சேர்ந்து, பாடுபவரின் உதடு மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வாரம் மேப்பிள் மரத்தடியில் இரண்டாவது வட்டம், மெதுவாக வாசிக்க விரும்புபவர்களுக்கு.

ஜூலை 16, செவ்வாய்

உரிமக் கட்டணம். பாட்டெழுதியவர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகளான ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக் மூன்றின் பட்டியலிலும் இந்தக் குழுக்கள் பாடும் பாட்டுகள் உண்டு. இலவசக் கச்சேரியானாலும், கலைஞருக்கு ஊதியம் கொடுக்கும்போது பாடல் உரிமம் ஏற்பாட்டாளரின் பொறுப்பு. இந்த 2024-ஆம் ஆண்டில், 1928 வரை வெளியான பாடல்கள் அமெரிக்காவில் பொதுச்சொத்து. ஒலிப்பதிவுகளுக்குக் கணக்கு வேறு, இந்த ஆண்டில் 1923 வரைதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கடைசி வாரம். பக்தி நால்வர் பாட்டு: வாத்தியமில்லை, நான்கு குரல், ஒரு மைக். முதன்மைக் குரல் நடுவே, மேலே டெனர், கீழே பாரிடோன், அடியில் பேஸ். டெனர் உச்சியில் துளைப்பதால் அரை அடி பின்னே நின்றார். பேஸ் குரல் தலையைச் சாய்த்து மைக்குக்கு நான்கு அங்குலத்தில். ஒத்திகையில் நால்வரும் சம தூரத்தில் நின்றபோது பேஸ் கேட்கவே இல்லை. கச்சேரியில் மிக்ஸரைத் தொடவில்லை.

பிரித்துவைத்தோம். 48 வோல்ட்டை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து மைக்கைக் கழற்றினோம். நுரை உறை தனியாக உலர்கிறது, ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் சவ்வு கெடும். ஒயர்கள் முறுக்கில்லாமல் சுற்றி, நீளத்துக்கு ஒரு நிற நாடா. மூன்றாம் எண் ஒயரின் முனையில் பற்றாசு விட்டிருக்கிறது, குளிர்காலத்தில் ஒட்ட வேண்டும். ஆட்டத்தளத்தின் இரண்டு பலகை விளிம்பில் உரிந்திருக்கிறது; அடுத்த மே மாதத்துக்கு முன் மாற்ற வேண்டும். மரத்தடியில் மெதுவட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்க விளக்கை மட்டும் அணைக்கவில்லை.