800 ரூபாய் கட்டிய பிறகு

வேதாரண்யத்தில் எங்கள் தெருவில், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான க்யூட் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு எழுதப் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் நன்றாகப் படிக்கிறவர்கள். ஏன் போகவில்லை என்பது, 2025-ல் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அவளுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசை. அரசுக் கலைக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நீலக்குடிக்குப் போக வேண்டுமென்றால் க்யூட் எழுத வேண்டும். மூன்று பாடம் வரை பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். எஸ்சி என்பதால் எங்களுக்கு 800.

விண்ணப்பத்தில் முதல் சிக்கல் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால். ஆதாரைத் திருத்திய பிறகே விண்ணப்பித்தோம். பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு வேறொரு அலைச்சல்: கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் செல்லாது, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும்.

அப்புறம், மெயிலும் போன் நம்பரும் நம்முடையதாகவே இருக்க வேண்டும். முந்தைய வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் வந்ததே தெரியாமல் போனது. கம்ப்யூட்டர் சென்டரில் அவர்கள் மெயிலையே போட்டுப் பதிந்திருந்தார்கள்.

தேர்வு நகரம் திருச்சி என்று வந்தது. பக்கத்து ஊர்களைத்தான் கேட்டிருந்தோம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காலை 9 மணிக்குத் தேர்வு, அதற்கு முன்பே கேட்டைப் பூட்டிவிடுவார்கள். விடியற்காலை பஸ் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது, முதல் நாளே கிளம்பியாக வேண்டும். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர் என்று மாறிப் போவதற்கு இரண்டு பேருக்கும் டிக்கெட், சாப்பாடு, ராத்தங்கல் எல்லாம் கைக்காசு. கட்டணத்தில் குறைந்த 200 ரூபாய் இதில் எந்த மூலைக்கு?

அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். மே மாதம் உப்பு வாரும் காலம். அந்தக் கூலியை விட்டுவிட்டு வா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். நான் லீவு போட முடிந்ததால் அவள் எழுதினாள். அக்கா இல்லாத வீட்டில் அந்த 800 ரூபாயும் வீண்தான். வெளியூர் மையம் போடுகிறவர்கள் பிள்ளைக்கும் கூட வருகிற ஒருவருக்கும் பஸ் செலவைத் தரவேண்டும். அதுவும் சலுகையில்தான் சேரும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அம்மா வீடு திருச்சி பக்கம் திருவெறும்பூரில் இருக்கிறது, அங்கே தங்கினோம். மாலையிலேயே போய் மையத்தைப் பார்த்துவைத்தது நல்லதாயிற்று. மெயின் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தது, காலையில் ஆட்டோ கிடைப்பதே பாடு.

தேர்வோடு முடிந்துவிட்டது, சீட்டு தானாக வரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். வராது. மதிப்பெண் வந்ததும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும், அதற்கும் கடைசி நாள் உண்டு. தங்கை பதிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த வருடம் எழுதுகிறாளாம். அவளுக்குத் துணையாக யார் போவது என்று இப்போதே பேசிவைத்திருக்கிறோம்.