மின்சாரம் நின்றதும் இறங்கும் 30 லிட்டர்

தமிழ்நாட்டு நண்பர்களிடம் 'சம்ப்' என்றால் வாசலில் இருக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் அமர்ந்திருக்கும் கண்ணாடி சம்பை. மேல்தொட்டியின் தண்ணீர் இதில் இறங்கிச் சுத்தமாகி, பம்ப் வழியாக மீண்டும் மேலே போகும்.

2023இல் ஓர் இரவு, லோட் ஷெடிங் எனும் அறிவித்த மின்வெட்டு தொடங்கிய சில நிமிடங்களில் என் முதல் சம்ப் நிரம்பி வழிந்தது. மேல்தொட்டி 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் கொண்டது, அதில் ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் என்பது 6 லிட்டர். பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் நீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்ததால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய்க்குள் காற்றுப் புகும்வரை 30 லிட்டரைக் கீழே இழுத்துவிட்டது. 60க்கு 30 செ.மீ. சம்பில் மிச்சமிருந்த 10 செ.மீ. உயரம் 18 லிட்டரைத்தான் தாங்கும். மீதியை நானும் மனைவியும் டார்ச் வெளிச்சத்தில் துண்டுகளால் ஒற்றி எடுத்தோம். அலமாரித் தரையில் கிடந்த மல்டிபிளக்கில் (பல பிளக்குகளைச் செருகும் நீட்டிப்புப் பெட்டியில்) அப்போது மின்சாரம் இல்லாதது எங்கள் நல்ல காலம்.

ஆகவே புதிய சம்பை, பம்ப் ஓடும் நேரத்தை வைத்து அல்ல, நிற்கும் நேரத்தை வைத்தே வரைந்தேன். குழாய் வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினேன். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பவில்லை. ஒரு சிறு நத்தையோ உப்புப் படிவோ போதும், அது முழுதாக மூடாது. சம்பின் அளவு 90க்கு 40, உயரம் 40 செ.மீ.

தண்ணீர் முதலில் வடிகட்டித் துணிப்பையில் விழுந்து, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் அறைக்குப் போகிறது. என் ஸ்கிம்மருக்கு 20 முதல் 23 செ.மீ. வரை மாறாத ஆழம் வேண்டும் என்பதால் தடுப்புக் கண்ணாடியை 22இல் ஒட்டினேன். அடுத்தது, வெளிச்சத்தில் கரியமில வாயுவை உறிஞ்சி வளரும் கீட்டோ பாசி அறை. அதன் விளக்கு மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு எரிவதால், இரவில் நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) அதிகம் இறங்குவதில்லை. பிறகு குமிழிகளை அடக்கும் மூன்று தடுப்புகள், கடைசியாகப் பம்ப் அறை.

நீர் ஆவியாவது இந்தக் கடைசி அறையில் மட்டுமே தெரியும். 20க்கு 40 செ.மீ. அறையில் 4 லிட்டர் குறைந்தால் மட்டம் 5 செ.மீ. இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே தானியங்கி மிதவை 25 லிட்டர் கேனிலிருந்து ஆர்ஓ தண்ணீரையே சேர்க்கிறது.

எல்லாம் முடிந்ததும் மெயின் சுவிட்சை நானே அணைத்துப் பார்த்தேன். குழாய்களில் நின்ற தண்ணீரும் சேர்ந்து மட்டம் 26 செ.மீ.யில் நின்றது, மிதவை சிக்கி, கேன் முழுவதும் கொட்டினாலும் 33ஐத் தாண்டாது. அந்த இரண்டு கோடுகளையும் மார்க்கரால் கண்ணாடியில் போட்டுவைத்திருக்கிறேன்.