டர்போ ஏற்றிய எஞ்சினுக்கு எத்தனை எண் பிளக்?

என் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் டர்போ பொருத்திய கையோடு நான் செய்த முதல் தவறு ஸ்பார்க் பிளக் விஷயத்தில்தான். தயாரிப்பாளர் பரிந்துரைத்திருந்த 6 ஆம் எண் என்ஜிகே (NGK) நிறுவன பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பவர் கூடினால் கோல்ட் பிளக் போட வேண்டும் என்று காதில் விழுந்ததை மட்டும் நம்பி, ஒரே தாவலில் 8 ஆம் எண்ணுக்குப் போய்விட்டேன். சில வாரங்களிலேயே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) தொடங்கியது. இன்ஜெக்டரைச் சந்தேகித்தேன், காயிலைச் சந்தேகித்தேன், எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கின் பீங்கானிலும் மை தடவியதுபோல உலர்ந்த கரி படிந்திருந்தது.

பிளக்கின் அந்த எண் காட்டுவது அதன் ஹீட் ரேஞ்சை. ஹீட் ரேஞ்ச் என்றவுடன் பொறியின் சூட்டைக் குறிக்கிறது என்றே பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அதற்கும் பொறிக்கும் தொடர்பே இல்லை. எரிப்பறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கின் முனை வாங்கும் வெப்பத்தை, எவ்வளவு விரைவாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. நடு மின்முனையைச் சூழ்ந்திருக்கும் பீங்கானின் மூக்குப் பகுதி நீளமாக இருந்தால், வெப்பம் உலோகக் கூட்டை அடைவதற்கு நெடுந்தூரம் போக வேண்டும், ஆகவே முனை சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சட்டென்று வெளியேறிவிடும். அது கோல்ட் பிளக். கோல்ட் பிளக் போட்டால் பவர் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்: பிளக் எதையும் கூட்டுவதில்லை, எஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேலும் 850 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். கீழ் எல்லைக்கு மேலே இருந்தால்தான் படியும் கரி தானாகவே எரிந்து போகும். அதற்குக் கீழே இறங்கினால் கரி தங்கிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்முனைகளுக்கு இடையே பாய வேண்டிய மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பு வழியாகக் கூட்டுக்குக் கசிந்துவிடும். எனக்கு நேர்ந்தது இதுதான். என் காரின் ஓட்டத்தில் பெரும்பகுதி நெரிசலிலும் குறுகிய தூரத்திலும் கழிகிறது. முழு பூஸ்டில் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தில்) போகும் அந்தச் சில நொடிகளை மட்டும் மனத்தில் வைத்து நான் பிளக் வாங்கியிருந்தேன்.

மேல் எல்லையைத் தாண்டுவது இதைவிட மிக ஆபத்தானது. பொறி வருவதற்கு முன்பே, பழுத்துச் சிவந்த முனை காற்று-எரிபொருள் கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எழுவதால், பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும் அளவுக்குச் சேதம் சில நொடிகளில் நேர்ந்துவிடக்கூடும். இந்த முன்பற்றலை நாக்கிங்குடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாக்கிங் என்பது பொறி பற்றிய பிறகு, எஞ்சியிருக்கும் கலவை தானாக வெடிப்பது. அதற்குக் காரணம் டைமிங்கிலோ (பொறி விழும் நேரத்திலோ) எரிபொருளின் ஆக்டேனிலோ பூஸ்டிலோ இருக்கும், அங்கேதான் அதைச் சரிசெய்ய வேண்டும். நாக்கிங்கைக் கோல்ட் பிளக் போட்டு அடக்கலாம் என்று முயல்வது, காய்ச்சலுக்கு விசிறி வீசுவது போன்றது. ஆனால் தொடர்ந்து நாக்கிங் நடந்தால் முனை சூடேறி, கடைசியில் அந்த முன்பற்றலில் கொண்டுபோய் விடும் என்பதும் உண்மை.

அப்படியானால் கோல்ட் பக்கம் எத்தனை படி இறங்குவது? பொதுவாக டியூனிங் செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, மூல எஞ்சினைவிட 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கோல்ட் என்பது. இது தோராயம்தான். ஒரு படி மாறினால் முனையின் வெப்பநிலை சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறுகிறது. இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரி முன்னே கொண்டுபோனாலும் கிட்டத்தட்ட இதே அளவு சூடேறும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், குதிரைத்திறனை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது ஏன் போதாது என்று புரியும். கம்ப்ரெஷன் விகிதத்தை உயர்த்துவது, பூஸ்ட் ஏற்றுவது, நைட்ரஸ் சேர்ப்பது, லோடில் கலவை லீனாக (எரிபொருள் குறைவாக) போவது எல்லாம் முனையைச் சூடாக்கும். ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மட்டும் மாற்றியவர்கள் பிளக்கைத் தொடவே வேண்டியதில்லை.

எண்களைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது (நெருப்புப் பொறி அல்ல, எலிப்பொறி). என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கோல்ட். பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடினால் ஹாட். என்ஜிகேயின் 6, டென்சோவின் 20 ஆகும். 7 என்பது 22, 8 என்பது 24. மின்முனை இரிடியமா, பிளாட்டினமா, நிக்கலா என்பதற்கும் ஹீட் ரேஞ்சுக்கும் சம்பந்தமில்லை. மெல்லிய இரிடியம் முனைக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், தேய்வதும் குறைவு. ஆனால் எண் தவறாக இருந்தால் அதிலும் கரி படியும்.

இரண்டாவது முறை நான் ஒரு படி மட்டும் இறங்கி 7 ஆம் எண்ணைப் போட்டேன். ஐயம் இருந்தால் கோல்ட் பக்கமே சாய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஏனென்றால் கரி படிந்த பிளக்கைக் கழற்றி மாற்றிவிடலாம், ஓட்டை விழுந்த பிஸ்டனை அப்படிச் செய்ய முடியாது; ஆனால் அந்தச் சாய்வுக்கு ஒரு படி போதும். பிறகு டைனோவில் (எஞ்சினின் திறனை அளக்கும் கருவியில்) முழு லோடில் இழுத்து, த்ராட்டிலை விட்ட உடனே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஐட்லிங்கில் ஓடவிட்ட பிறகு கழற்றினால் ஐட்லிங்கின் கரியைத்தான் பார்க்க முடியும். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தது. வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்து, கொப்புளமோ மின்முனையில் உருகிய அடையாளமோ தெரிந்திருந்தால் இன்னும் ஒரு படி இறங்கியிருப்பேன். பீங்கானில் மிளகுப் பொடிபோல அலுமினியத் துகள்கள் தென்பட்டிருந்தால் பிளக்கை விட்டுவிட்டு டியூனிங்கைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

பூஸ்டின் அழுத்தத்தில் பொறி அணைந்துவிடாமல் இருக்க, 1.1 மில்லிமீட்டராக இருந்த மின்முனைகளின் இடைவெளியை 0.7 ஆகக் குறைத்தேன். 14 மில்லிமீட்டர் மரை கொண்ட, வாஷர் வைத்த பிளக்கை அலுமினிய ஹெட்டில் டார்க் ரெஞ்ச் வைத்து 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் வெப்பம் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்குப் போகாது, 7 ஆம் எண் பிளக்கும் 5 ஆம் எண்ணைப்போல் கொதிக்கும். முதல் முறை மாட்டிய அந்த 8 ஆம் எண் பிளக்குகளை நான் கைத்திட்டத்தில்தான் முறுக்கியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.