வாகை மரத்தில் ஒரு வேலைமேசை

2025 ஏப்ரல் 27, ஞாயிறு, மன்னார்குடி

கூடத்தை அடுத்த அறை அறுவடையின்போது நெல் மூட்டைகளுக்கும், விருந்தினர் வந்தால் படுக்கைக்கும், மற்ற நாட்களில் அம்மாவின் தையல் இயந்திரத்துக்கும் உரியது. அதில் ஒரு சுவரோரமாக ஐந்தடி நீளம், இரண்டடி அகலத்தில் மரவேலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேண்டாதபோது மேசையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைக்க முடிய வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பையொட்டி விதை மூட்டைகள் வந்து இறங்கிவிடும். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். சக்கரம் வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. மரம் சீவும் இழைப்புளியைத் தள்ளும்போது கூடவே நகரும் மேசையால் யாருக்கு என்ன பயன்?

மே 1, வியாழன்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் சாய்ந்த எங்கள் வாகையை அப்போதே அறுத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் அடுக்கியிருந்தோம். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது தச்சர் கணக்கு. அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்றங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள், நான்குக்கு இரண்டு அங்குலத்தில் மேலும் கீழும் சட்டங்கள் என்று போட்டுப் பார்த்தால் சேதாரம் நீங்கலாக இரண்டேகால் கன அடி வருகிறது.

மே 4, ஞாயிறு

வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. துணி கட்டிக்கொண்டுதான் அறுத்தோம். வெளுப்பான வெளிறுப் பகுதியில் உளுப்பூச்சி எளிதில் விழும் என்பதால் அதைக் கழித்துவிட்டு, பழுப்பேறிய உள்மரமான வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மே 11, ஞாயிறு

மேசையின் உறுதி மேற்பலகையின் கனத்தில் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். உதவிக்கு வந்த பெரியவர், "பலகை கெடக்கட்டும் தம்பி, காலு ஆடுதா பாரு" என்றார். மேசையை ஆட்டுவது மேலிருந்து அழுத்தும் பாரமன்று, பக்கவாட்டில் தள்ளும் விசை. அதைத் தாங்குவது காலும் சட்டமும் சேரும் மூட்டுதான். ஆகவே மரத்தையும் நேரத்தையும் அங்கேயே செலவிட்டேன். இரு பக்கச் சட்டகங்களிலும் காலில் துளை பறித்து, குறுக்குச் சட்டத்தின் முனையை அத்துளையில் நுழையும் கழுந்தாகச் செதுக்கி, பசையிட்டு இறுக்கினோம். கழுந்து கையால் தள்ளினால் நுழையாமலும், கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் தடையின்றி இறங்கும்படியும் இருக்க வேண்டும். பசை காயும் முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தேன். அவை சமமாக இருந்தால்தான் சட்டகத்தின் மூலைகள் செங்கோணம். நீளச் சட்டங்களுக்குப் பசை இல்லை, போல்ட்தான். நட்டு மரத்துக்குள் புதையாதிருக்க அகலமான வாஷர் இட்டேன். மழைக்காலத்தில் உப்பும் மரம் கோடையில் சுருங்கும்போது ஸ்பேனரால் ஒரு சுற்று முடுக்கிக்கொள்ளலாம்.

மே 18, ஞாயிறு

மேற்பலகைக்கு வாகையைத் தவிர்த்தேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகலப் பலகை விரிந்து வளையும். இழைகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டப்பட்ட பிளைவுட் அவ்வளவாக அசையாது. 18 மி.மீ. தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடியிலிருந்து திருகாணி இட்டேன். மேல்தாள் தேய்ந்தால் திருப்பிப் போடலாம்.

மே 25, ஞாயிறு

மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸை இடது முன்காலுக்கு நேர் மேலே, அதன் உள்தாடை மேசை விளிம்போடு சமமாக நிற்கும்படி பொருத்தினேன். உளியடியின் அதிர்வு நேராகக் காலில் இறங்கிவிடுகிறது. ஆற்றுப் பாசன ஊரில் தரையீரம் கால் வழியே ஏறும் என்பதால் கால்களின் அடிமுகத்தில் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து ரப்பர் துண்டு ஒட்டினேன். மேற்பரப்பு முப்பத்து நான்கரை அங்குல உயரத்தில், தொங்கவிட்ட கையின் மணிக்கட்டுக்கு நேராக நிற்கிறது. இழைப்பதற்கு இதுவே வாகு. கீழ்ச் சட்டங்களின் மேல் பலகை போட்டு ஆணிப் பெட்டிகளையும் பழைய படிக்கல்லையும் ஏற்றிய பிறகு, முழு வேகத்தில் இழைத்தாலும் ரப்பர் தரையை விட்டு நகரவில்லை. அம்மா அதற்குள் தையலுக்கு வெட்டிய துணிகளை மேசைமேல் பரப்பிவிட்டார்.