ஈபேயில் விற்ற விலையுயர்ந்த பொருள்: அஞ்சல் இன்சூரன்ஸ் போடுவதும் கிளெய்ம் (இழப்பீடு) வாங்குவதும்

பார்சல் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அதன் பொறுப்பு விற்றவர் தலையில்தான். "இன்சூரன்ஸ் வேண்டாம் என்று அவரே சொன்னார்" என்பதெல்லாம் ஈபேயில் செல்லாது. பொருள் வரவில்லை என்று அவர் புகார் கொடுத்து, டெலிவரி ஆனதற்கான ட்ராக்கிங் நம்மிடம் இல்லையென்றால் பணம் அவருக்குத் திரும்பிவிடும். ஆகவே இன்சூரன்ஸ் வாங்குகிறவருக்காகப் போடுவதல்ல, நமக்காக நாமே போட்டுக்கொள்வது. அமெரிக்காவுக்குள் யு.எஸ்.பி.எஸ். எனப்படும் அமெரிக்க அரசு அஞ்சலில் பழைய நாணயம், கைக்கடிகாரம், நகை, கேமரா லென்ஸ் அனுப்புகிறவர்களுக்கு உதவும் என்று, நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன்.

முதலில் வரம்புகள். கிரவுண்ட் அட்வான்டேஜ், பிரையாரிட்டி மெயில், பிரையாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் என்ற மூன்று அஞ்சல் சேவைகளிலும் 100 டாலர் வரை இன்சூரன்ஸ் தபால் கட்டணத்திலேயே அடக்கம். அதற்கு மேல் 5,000 டாலர் வரை கூடுதலாக வாங்கலாம். 5,000-ஐத் தாண்டினால் ரெஜிஸ்டர்ட் மெயில் எனும் பதிவுத் தபால்தான். அதில் 50,000 டாலர் வரை காப்பு உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிக்கும் மதிப்பு விற்ற விலையாக இருக்கட்டும். 400 டாலருக்கு விற்ற கடிகாரத்துக்கு 900 டாலர் இன்சூரன்ஸ் போட்டாலும் தொலைந்தால் கிடைப்பது 400 தான். கூடுதலாகக் கட்டிய கட்டணம் வீண். குறைத்துப் போட்டால் போட்ட தொகைக்கு மேல் ஒரு சென்ட்கூட வராது. அனுப்பிய நாளில் பொருளின் உண்மை மதிப்பு, இன்சூரன்ஸ் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கையெழுத்து விஷயத்தில் பலரும் குழம்புவார்கள். யு.எஸ்.பி.எஸ். இன்சூரன்ஸ் 500 டாலருக்கு மேல் இருந்தால் கையெழுத்து வாங்கித்தான் பார்சலைக் கொடுப்பார்கள். ஈபே 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஆர்டர்களுக்குக் கையெழுத்துடன் கூடிய டெலிவரி கேட்கிறது. யு.எஸ்.பி.எஸ். இன்சூரன்ஸிலேயே போகிறவருக்கு இரண்டும் தானாகப் பொருந்திவிடும். தனியார் நிறுவனத்திடம் இன்சூரன்ஸ் வாங்கி, அஞ்சல் லேபிளை மட்டும் யு.எஸ்.பி.எஸ்.ஸில் எடுக்கிறவருக்கு அப்படி இல்லை. இன்சூரன்ஸ் அஞ்சல்காரரின் கணக்கில் இல்லாததால் பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்போது 'சிக்னேச்சர் கன்ஃபர்மேஷன்' சேவையைத் தனியாகக் காசு கொடுத்து லேபிளில் சேர்க்க வேண்டும். இதை விட்டால் தனியார் பாலிசி இருந்தும் ஈபேயில் நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

தங்கம், வெள்ளி விற்கிறவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். ரொக்கம், செக் போன்ற பணமாக்கத்தக்க தாள்கள், புல்லியன் எனப்படும் கட்டித் தங்கம், வெள்ளி ஆகியவற்றுக்குச் சாதாரண இன்சூரன்ஸில் கிடைக்கும் அதிகபட்ச இழப்பீடு 15 டாலர். 2,000 டாலர் இன்சூரன்ஸுக்குக் கட்டணம் கட்டியிருந்தாலும் அதுதான். சேகரிப்பு மதிப்புள்ள நாணயத்தின் கதை வேறு: அதற்குச் சந்தை விலையை ஏற்கிறார்கள், அங்கீகாரம் பெற்ற நாணய வியாபாரியோ நாணய இதழ்களின் விலைப்பட்டியலோ அதற்குச் சான்று. எடைக்கு விலைபோகும் வெள்ளி நாணயம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விலையில் பெரும்பகுதி உலோகத்தின் விலையாக இருந்தால் ரெஜிஸ்டர்டைத் தவிர வேறெதிலும் அனுப்பாதீர்கள்.

கூரியரில் அனுப்பினால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். போன்றவற்றில் 'டிக்ளேர்டு வேல்யூ' என்று நாம் குறிப்பது இன்சூரன்ஸ் அல்ல. தங்கள் பொறுப்பு எவ்வளவு வரை என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரம்பு, அவ்வளவுதான். நகை, கைக்கடிகாரம், பழம்பொருள், சேகரிப்பு நாணயம், தபால்தலை போன்றவற்றுக்கு ஃபெடெக்ஸ் வைத்திருக்கும் பொது உச்சவரம்பு 1,000 டாலர். தனி ஒப்பந்தம் இல்லாமல் 3,000 என்று எழுதினாலும் 1,000-க்கு மேல் அது செல்லாது. தனியார் பாலிசி எடுப்பதானால் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். நாணயம், நகை, பயன்படுத்திய மின்னணுப் பொருள் மூன்றும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெட்டியின் வெளிப்புறத்தில் உள்ளிருப்பதைக் காட்டும் சொல் எதுவும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. உங்கள் கடைப்பெயரில் 'காயின்ஸ்', 'ஜுவல்லரி' என்று இருந்தால் அனுப்புநர் முகவரியில் அது வரக்கூடாது. வேறு பெயரில் லேபிள் எடுங்கள்.

இனி பேக்கிங். கிளெய்ம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். பொருளை உள்பெட்டியில் அசையாமல் வைத்து ஒட்டி, அதை வெளிப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் சுமார் இரண்டு அங்குலம் அடைப்புப் பொருள் வரும்படி வையுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. முகவரி எழுதிய ஒரு தாளை உள்ளேயும் போடுங்கள். வெளி லேபிள் கிழிந்துபோன பார்சல்கள் ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவில் உள்ள யு.எஸ்.பி.எஸ். மீட்பு மையத்துக்குப் போகும்; அங்கே பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாள் ஒன்றே வழி.

பேக்கிங் செய்யும்போதே படங்கள் எடுத்து வையுங்கள். கடிகாரம், லென்ஸ் என்றால் சீரியல் எண் தெரியும் படம் ஒன்று. பெட்டிக்குள் வைத்த நிலையில் ஒன்று. மூடி லேபிள் ஒட்டியபின் தராசின் மேல் ஒன்று. எடைப் படத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே கட்டணத்தில் போகும் பிளாட் ரேட் பெட்டிக்கு எடை தேவையில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் உள்ளிருந்ததை உருவிவிட்டு வெறும் பெட்டி போய்ச் சேரும்போது, அனுப்பிய எடை 1 பவுண்ட் 6 அவுன்ஸ், வந்தது 9 அவுன்ஸ் என்று காட்ட முடிந்தால் வாதம் சுருக்கமாக முடியும். கவுன்டரில் எடை போட்டுத் தரும் ரசீது இதற்கு இன்னும் பலம்.

மதிப்புள்ள பார்சலைத் தெருவோர நீல அஞ்சல் பெட்டியில் போடக்கூடாது, அஞ்சலக லாபியில் உள்ள தொட்டியிலும் போடக்கூடாது. வரிசையில் நின்று கவுன்டரில் கொடுத்து, ஏற்பு ஸ்கேன் செய்யச் சொல்லி, ரசீது வாங்குங்கள். அந்த ஸ்கேன் இல்லாத பார்சல் தொலைந்தால் ட்ராக்கிங்கில் 'லேபிள் உருவாக்கப்பட்டது' என்பதோடு நின்றுவிடும். அஞ்சல் துறை கையில் அது வந்தது என்பதற்கே சான்று இருக்காது. ஒரே நாளில் நிறைய அனுப்புகிறவர்கள் எல்லா லேபிள்களுக்கும் சேர்த்து 5630 எண் ஸ்கேன் படிவம் ஒன்றை அச்சிட்டுக்கொண்டு போகலாம். அதை ஒருமுறை ஸ்கேன் செய்தால் எல்லாமே ஏற்கப்பட்டதாகப் பதிவாகும்.

ரெஜிஸ்டர்ட் மெயிலுக்கு வேறு ஒழுங்கு. பிளாஸ்டிக் டேப், பளபளப்பான தாள், பபுள் கவர், தானே ஒட்டும் உறை எதற்கும் அனுமதியில்லை. தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப் பஞ்சால் ஒரே சீராக நனைத்து, பெட்டியின் மூடும் விளிம்பு எல்லாவற்றின் மேலும் ஒட்டி, உலரும்வரை கையால் அழுத்துங்கள். தண்ணீர் அதிகமானால் பசை வழிந்துபோய் ஓரம் தூக்கிக்கொள்ளும். குறைந்தால் மூலையில் பிடிக்காது. உள்பெட்டிக்கு எந்த டேப்பும் போடலாம். கவுன்டரில் ஊழியர் வட்டத் தேதி முத்திரையை எடுத்து ஒவ்வொரு ஒட்டின் மேலும், பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழும்படி குத்துவார். காகிதம் மையை உறிஞ்சிவிடும். வழியில் யாராவது டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினால் வட்டம் சேராது. பிளாஸ்டிக்கில் மை நிற்காமல் விரல் பட்டாலே அழியும், தடை அதனால்தான். ஊரில் இன்ஷ்யூர்டு தபாலுக்கு அரக்கு முத்திரை வைப்பார்களே, அந்த வேலையை இங்கே காகிதமும் மையும் செய்கின்றன. பார்சல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து உண்டு, இடையில் பூட்டிய அறையில் இருக்கும். அதனால் மெதுவாகத்தான் போகும். வாங்கியவருக்கு அனுப்பிய அன்றே "இது ரெஜிஸ்டர்ட், பத்துப் பதினைந்து நாள் ஆகலாம், நடுவில் ட்ராக்கிங் அசையாமல் இருக்கும்" என்று எழுதிவிடுங்கள். கையில் கிடைக்கும் 3806 எண் ரசீது பத்திரம்.

இந்தச் சேவையின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1958 நவம்பரில் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், 45.52 காரட் ஹோப் வைரத்தை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு ரெஜிஸ்டர்ட் தபாலில்தான் அனுப்பினார். தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட், 10 லட்சம் டாலர் காப்புக்கு 142 டாலர் 85 சென்ட். அந்தப் பழுப்புத் தாள் உறை இன்றும் வாஷிங்டனில் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்சல் நின்றுவிட்டால்? அனுப்பிய நாளிலிருந்து ஏழு நாள் கழிந்ததும் 'மிஸ்ஸிங் மெயில்' தேடல் கோரிக்கையை யு.எஸ்.பி.எஸ். தளத்தில் பதியுங்கள். "பழுப்புப் பெட்டி" என்று எழுதினால் பயனில்லை. பெட்டியின் நீள அகலம், டேப்பின் நிறம், உள்ளிருக்கும் பொருளின் பிராண்ட், சீரியல் எண், படம் எல்லாம் கொடுங்கள். கிளெய்மை 15-ம் நாளுக்கு முன் ஏற்கமாட்டார்கள். எக்ஸ்பிரஸுக்கு மட்டும் 7-ம் நாளிலிருந்து. கடைசி நாள் 60. எல்லாம் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணுவது. தேடல் நடக்கிறது என்று காத்திருந்து 60-ஐத் தாண்டவிடாதீர்கள். தேடலுக்காக அந்தக் கெடு நிற்காது.

ஈபேயின் கெடு இதைவிட வேகம். எதிர்பார்த்த டெலிவரி தேதி கடந்ததும் வாங்கியவர் புகார் திறக்கலாம், நமக்குப் பதில் சொல்ல மூன்று வேலை நாள். கிளெய்ம் பணம் வரும்வரை பொறுங்கள் என்று அவரிடம் கேட்பது சரியல்ல, செல்லவும் செல்லாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாம் கிளெய்மைத் தொடர வேண்டும். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் விற்பனைப் பக்கத்தை முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மதிப்புச் சான்றாக ஏற்கப்படும் ஆன்லைன் விற்பனைப் பதிவில் வாங்கியவர், விற்றவர், விலை, தேதி, பொருளின் விவரம், விற்பனை முடிந்தது என்ற நிலை ஆறும் தெரிய வேண்டும். ரீஃபண்ட் ஆனபின் எடுத்தால் நிலை மாறியிருக்கும். ரீஃபண்ட் கொடுத்த சான்றையும் தனியாக வைத்திருங்கள், கேட்கக்கூடும்.

கிளெய்ம் ஆன்லைனிலேயே முடியும். ட்ராக்கிங் எண், இன்சூரன்ஸ் ரசீது அல்லது லேபிள் பதிவு, மதிப்புச் சான்று மூன்றும் தெளிவான கோப்பாக இருந்தால் போதும். இன்சூரன்ஸ் ரசீது உள்ள அனுப்புநரோ பெறுநரோ யார் வேண்டுமானாலும் பதியலாம், ஆனால் ஒரு பார்சலுக்கு ஒருவர்தான். அதனால் வாங்கியவரிடம் "நான் பதிகிறேன், நீங்கள் பதியவேண்டாம்" என்று சொல்லிவைப்பது நல்லது. ஏற்றுக்கொண்டால் தொலைந்த பொருளின் மதிப்போடு தபால் கட்டணமும் திரும்பும். இன்சூரன்ஸுக்குக் கட்டியது திரும்பாது.

ட்ராக்கிங் 'டெலிவர்டு' என்று காட்டி, பொருள் வரவில்லை என்று வாங்கியவர் சொல்வதுதான் மிகக் கடினமான நிலை. யு.எஸ்.பி.எஸ். கணக்கில் அது டெலிவரி ஆன பார்சல், வாசலிலிருந்து திருடு போயிருந்தால் இன்சூரன்ஸ் பொருந்தாது. ஆனால் ஸ்கேனர் எந்த இடத்தில் பதிவு செய்தது என்ற ஜி.பி.எஸ். தகவல் டெலிவரி செய்த அஞ்சல் நிலையத்தில் இருக்கும். வாங்கியவரை அங்கே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் ஸ்கேன் ஆகியிருந்தால் அன்றே பொருள் கிடைத்துவிடுவதுண்டு. திருட்டு என்று தெரிந்தால் அஞ்சல் புலனாய்வுத் துறையிடம் புகார் பதியலாம்.

உடைந்து வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே பதியலாம். வாங்கியவர் பொருளையும் பெட்டியையும் அடைப்புத் தாளையும் அப்படியே வைத்திருக்க வேண்டும், சோதனைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னால் சேதம் எந்தப் பயணத்தில் நடந்தது என்ற கேள்வி எழும். குப்பையில் போட்டுவிட்டால் கிளெய்மும் அதோடு போயிற்று.

கிளெய்மை மறுத்தால் முதலில் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மதிப்புச் சான்று போதாது, பேக்கிங் போதாது, டெலிவரி ஆகிவிட்டது என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். முடிவு வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு 30 நாளுக்குள் இரண்டாவது முறையீடு. முதல் முறை அனுப்பிய அதே கோப்பைத் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும். சான்று போதாது என்றிருந்தால் வியாபாரியின் மதிப்பீட்டுக் கடிதம், பேக்கிங் என்றிருந்தால் மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் என்று அந்தக் காரணத்துக்கு நேராகப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

கிளெய்ம் பணம் வந்து சில வாரம் கழித்துத் தொலைந்த பார்சல் கிடைப்பதும் உண்டு. பொருள் வேண்டுமென்றால் வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், பழைய நாணயமோ கடிகாரமோ விலை ஏறியிருந்தால் அப்படிச் செய்வதே நல்லது.